ட்ரெட்மில்லில் ஒரு கணக்கு, மணலில் ஒரு கணக்கு

ஜிம்மில் அரை மணி நேரம் ஓடி முடித்ததும் ட்ரெட்மில்லின் திரை 5 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. ஆனால் நின்ற இடத்தை விட்டு ஓரடிகூட நகரவில்லை. ஓடியது பட்டைதானே, கால் என்ன பெரிதாக உழைத்துவிட்டது என்று பலருக்கும் சந்தேகம் வரும். இயற்பியல் இதை ஏற்பதில்லை. வேகம் சீராக இருந்தால், பட்டை பின்னால் போவதும் உடல் முன்னால் போவதும் காலுக்கு ஒன்றுதான்.

வேறுபடுவது காற்று. வெளியே ஓடுபவர் எதிரே நிற்கும் காற்றைத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். அதற்கு எவ்வளவு சக்தி செலவாகிறது? ஓடுபவர்களின் ஆக்சிஜன் செலவை அளந்து, ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1996இல் விடை சொன்னார்கள். ட்ரெட்மில்லை 1 சதவீதம் சாய்த்தால், அதாவது 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் வைத்தால், கணக்கு நேராகிவிடுகிறது. இது வேகமாக ஓடுபவர்களுக்குத்தான். நடப்பவர்களுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை.

அதே காற்றுதான் நம்மைக் குளிரவும் வைக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோய்விடும். தரையில் சொட்டும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை. காற்றோட்டமில்லாத ஜிம்மில் சட்டை தொப்பலாக நனைவது கொழுப்பு கூடுதலாகக் கரைந்ததற்கு அடையாளம் ஆகாது. வியர்வை ஆவியாக வழியில்லை, அவ்வளவுதான்.

இனி தரைக்கு வருவோம். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ட்ரெட்மில் பட்டையின் மேலேயே மரக்கட்டைகளைப் பொருத்தி, அதிகபட்சம் இரண்டரை சென்டிமீட்டர் மேடுபள்ளம் உண்டாக்கினார்கள். அதில் நடந்தவர்களுக்குச் சமதளத்தைவிட 28 சதவீதம் கூடுதல் சக்தி செலவானது. இரண்டு விரல் தடிமன்கூட இல்லாத மேட்டுக்கு இவ்வளவு விலை!

அந்தச் சக்தி எங்கே போகிறது? பெரும்பகுதி முழங்காலும் இடுப்பும் கூடுதலாக உழைப்பதற்கு. கால் தடுமாறாமல் காக்க வேறோர் ஏற்பாடும் உண்டு. தசைகளுக்குள் ‘தசைக்கதிர்கள்’ என்ற நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது என்று அளப்பதே அவற்றின் வேலை. கல்லில் கால் வைத்துக் கணுக்கால் பிசகும்போது அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் முடிவுக்குக் காத்திராமல், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கணுக்காலின் வெளிப்புறத் தசைகள் இறுகத் தொடங்குகின்றன. ஒற்றையடிப் பாதையில் நடக்கும்போது இந்தத் திருத்தம் அடிக்கு அடி நடக்கிறது.

கடற்கரை மணல் இன்னும் கடுமையான ஆசிரியர். கெட்டித் தரையில் ஓடும்போது, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைக்கும் தசைநாண் ரப்பர் பேண்டு போல நீண்டு, சுருங்கி, சக்தியைத் திருப்பித் தருகிறது. மணலோ காலடியில் சரிந்து அந்தச் சேமிப்பைக் குலைத்துவிடுகிறது. பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. அதன்படி மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி வேண்டும். மெரினாவில் கால் புதையும் மணலில் அரை மணி நேரம் நடப்பவர், அதே வேகத்தில் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தவருக்குச் சமம்.

அப்படியானால் ஜிம் எதற்கு? பூங்காவில் கிடைக்காத துல்லியத்துக்கு. டம்பெல்லை மடக்கித் தூக்கும்போது முன்கை தரைக்கு இணையாக வரும் கட்டத்தில் பாரம் உச்சம். மற்ற கோணங்களில் குறைவு. 1970 வாக்கில் ஆர்தர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் தன் நாட்டிலஸ் மெஷினில் வட்டச் சக்கரத்துக்குப் பதில் சங்கு வடிவச் சக்கரத்தை வைத்தார். அது சுழலச் சுழல, ஒவ்வொரு கோணத்திலும் தசையால் இழுக்க முடிந்த அளவுக்கேற்பப் பாரம் கூடிக் குறைந்தது. எடையைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பலம் சேர்க்கவும் ஜிம்மே வசதி. நாளுக்கு நாள் கனம் கூடும் கல் எந்தப் பூங்காவிலும் கிடையாது.

ஜிம் பலத்தைக் கூட்டுகிறது. வெளி அந்தப் பலத்தைத் தடுமாறாமல் பயன்படுத்தக் கற்றுத் தருகிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், 2 நாளாவது தசைப்பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 2 நாளை ஜிம்முக்குக் கொடுங்கள். மீதியை வாகனப் புகை இல்லாத மண்பாதைக்குக் கொடுங்கள்.