ஜன்னல் வெயிலில் பழைய டீகால்

1950களில் இங்கிலாந்துச் சிறுவனுக்கு ஒரு ஸ்பிட்ஃபயர் போர்விமான மாடல் வேண்டுமென்றால் கையில் இரண்டு ஷில்லிங் இருந்தால் போதும். உல்வொர்த் கடையில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/72 அளவு கிட், பிளாஸ்டிக் பையில் கிடைக்கும். காலையில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் ஒட்டி முடித்துவிடலாம். கடைசி வேலை டீகால், அதாவது தாளிலிருந்து மாடலின் மேல் மாற்றி ஒட்டும் சின்னங்கள். தாளைத் தண்ணீரில் நனைத்து, ரவுண்டல் எனும் வட்டச் சின்னத்தை இறக்கையிலும் குறியெழுத்துகளை உடல்பகுதியிலும் வழுக்கி இறக்க வேண்டும். அந்த முதல் ஸ்பிட்ஃபயரில் வந்த ‘பிடி-கே’ என்ற எழுத்துகள் எந்த நிஜ ஸ்பிட்ஃபயரிலும் இருந்ததில்லை என்பது பின்னால் வந்த ரசிகர்களின் புகார். சிறுவனுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

டீகால் கிழிந்தாலும் அவன் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கிட் மலிவு, அடுத்த வாரக் கைச்செலவுக் காசில் இன்னொன்று வாங்கிக்கொள்வான். அந்தக் காலத்துக் கிட்டுகள் பலவற்றில் இறக்கையின் மேலேயே ரவுண்டலின் வட்டக்கோட்டை அச்சில் வார்த்திருந்தார்கள். டீகாலை எங்கே ஒட்டுவது என்று காட்டத்தான் அந்தக் கோடு. டீகால் வீணாய்ப் போனால் அதற்குள் சிவப்பும் நீலமும் தீட்டிக்கொள்ளலாம். இன்றைக்கு அதே கிட்டை எடுப்பவர்கள் முதல் வேலையாக அந்தக் கோட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கிறார்கள்.

கொஞ்சம் வளர்ந்த பையன்களுக்கு வேறு வழிகள் இருந்தன. மை நிரப்பும் வரைபேனாவைக் காம்பஸில் மாட்டி வட்டம் போடுவார்கள். 1960களில் லெட்ராசெட் வந்த பிறகு, விளம்பரக் கலைஞர்களின் அந்தத் தேய்த்து ஒட்டும் எழுத்துகளை விமானத்துக்கும் கொண்டுவந்தார்கள். மிஞ்சிய டீகால்களைப் போட்டு வைக்க ஆளுக்கொரு பிஸ்கட் டின். மொத்தத்தில், கெட்டுப்போனதற்குப் பதில் வேறொன்றைத் தேடினார்களே தவிர, கெட்டதையே காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது வயதுதான், கிட்டின் வயதும் மனிதனின் வயதும். அன்றைய சிறுவர்கள் சம்பாதிக்கத் தொடங்கியதும், கட்டி முடிக்கிற வேகத்தை மிஞ்சி வாங்கிக் குவித்தார்கள். கம்பெனிகளோ ஆட்டம் கண்டன. ஏர்ஃபிக்ஸ் 1981-இல் நொடித்துப் பல கைகள் மாறி, 2006-இல் ஹார்ன்பி கம்பெனியிடம் வந்து சேர்ந்தது. ஃப்ராக் என்ற இன்னொரு மாடல் கம்பெனியின் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குப் போய், நோவோ என்ற பெயரில் வெளிவந்தது. இனி வராது என்று பயந்து வாங்கிய பெட்டிகள் பரணில் கிடந்தன. பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. டீகால்தான் முதலில் போனது.

அது போகும் விதமும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அடியில் தாள், அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை, அதன்மேல் மெல்லிய வார்னிஷ் படலம், அதில் மை. ஈரம் ஏறினால் பசை இளகி, மேலே வைத்திருக்கும் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் பெட்டியை மூடி வைப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. காலம் ஆக ஆகப் படலம் மஞ்சளாகப் பழுக்கும், கூடவே முறுகும். முறுகிய தாள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். தண்ணீரில் விட்டதும் நொறுங்கிய அப்பளமாக மிதக்கும்.

இன்று இதற்கென்றே ஒரு வைத்திய முறை வந்துவிட்டது. முதலில் ஸ்கேனர். தாளின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படுவதற்கு முன்பே 600 டிபிஐ அளவில் படியெடுத்துவிட வேண்டும். மஞ்சள் பழுத்திருந்தால் தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, படம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறார்கள். புற ஊதாக் கதிர் மஞ்சளை வெளுக்கச் செய்யும். லண்டன் குளிர்கால வெளிச்சத்துக்கு வாரக்கணக்கில் ஆகலாம். சென்னைச் சித்திரை வெயில் என்றால் தினமும் எட்டிப் பார்ப்பது நல்லது. மஞ்சளோடு சிவப்பு மையும் வெளிறத் தொடங்கும்.

அடுத்தது சோதனை. கண்ணுக்குப் படாத ஒரு சின்ன எச்சரிக்கை வாசகத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். அது உடைந்தால் மொத்தத் தாளும் உடையும் என்று அர்த்தம். அப்போது மைக்ரோஸ்கேல் கம்பெனியின் திரவப் படலத்தையோ சாதாரண பளபளப்பு வார்னிஷையோ தாள் முழுக்கப் பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். முன்பு ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனிப் படலம் இருந்தது. இப்போது தாள் முழுவதும் ஒரே படலம். ஆகவே புது பிளேடால் ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டித்தான் நனைக்க முடியும்.

அப்படியும் உடைந்தால்? விமானத்தின் மேல் தாராளமாகத் தண்ணீர் தேங்க விட்டு, துண்டுகளைத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டு, விளிம்போடு விளிம்பு சேர நகர்த்துவார்கள். பசை கரைந்து போயிருந்தால், தண்ணீரில் கலக்கிய வெள்ளைக் கோந்து ஒரு துளி. காய்ந்ததும் விரிசலை அதே நிறத்தில் தொட்டு மறைப்பது. ஒட்டும் பரப்பும் முக்கியம். பெயிண்ட் பளபளப்பில்லாத மேட்டாக இருந்தால், அதன் சொரசொரப்பில் காற்று சிக்கி, படலம் வெள்ளியாக மினுக்கும். அதனால் டீகாலுக்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். மேட் வேண்டுமானால் பிறகு மேலே அடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் கட்சி. இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் ரவுண்டல் வேண்டுமானால் ஹான்னன்ட்ஸ் கம்பெனியின் எக்ஸ்ட்ராடீகால் தாள் வாங்கிவிடலாம். இன்றைய ஏர்ஃபிக்ஸ் கிட்டுகள் பலவற்றுக்கு இத்தாலியின் கார்டோகிராஃப் அச்சகம் அடித்துத் தரும் டீகாலில், எறும்பு அளவு எழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கலாம்; பழைய தாள்களைப் போல நிறம் கோட்டைத் தாண்டி வழிவதில்லை. வைத்தியம் தேவைப்படுவது, அந்தப் பெட்டியில் மட்டுமே வந்த சின்னங்களுக்கு. வேறு யாரும் அச்சிடாத ஒரு விமானம், ஒரு விமானியின் சொந்த ஓவியம், இப்படி.

புதியவற்றுக்கும் தனி வியாதி உண்டு. மெல்லிய படலம் முறுகுவதற்குப் பதில் மடிந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்கிறது. விரலால் பிரிக்கப் போனால் கிழியும். திரும்பத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஈரத் தூரிகையால் ஓரத்திலிருந்து நீவினால் பெரும்பாலும் விரியும். செக் நாட்டு எட்வார்ட் கம்பெனி இன்னும் ஒரு படி போய், ஒட்டிய பிறகு படலத்தையே உரித்துவிட்டு மையை மட்டும் விட்டுவைக்கும் டீகாலைத் தருகிறது.

தாளைக் காப்பாற்ற முடியாதபோது, ஸ்கேன் செய்ததைத் திருத்தி வீட்டிலேயே அச்சிடுகிறார்கள். சிக்கல் வெள்ளை நிறத்தால் வரும். சாதாரண பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. வெள்ளை டீகால் தாளில் அடித்தால் ஓரத்தில் வெள்ளை தெரியாமல் மயிரிழை பிசகாமல் வெட்ட வேண்டும். 1990களில் ஜப்பானின் ஆல்ப்ஸ் கம்பெனி விற்ற ரிப்பன் பிரிண்டர் வெள்ளையையும் உலோக நிறங்களையும் அச்சிட்டது. அதன் தயாரிப்பு நின்று வருடங்களாகின்றன. வைத்திருப்பவர்கள் கிடைத்த இடத்தில் ரிப்பன் வாங்கிச் சேமிக்கிறார்கள். உதிரிபாகத்துக்காக ஓடாத பழைய மெஷினையும் வாங்கிப் போடுகிறார்கள்.