உங்கள் வீட்டு கேஸ் டியூபுக்கு வயது என்ன?

புது சிலிண்டர் வந்ததும் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவோர் பலர். அடுப்பை அன்றாடம் பளபளவென்று துடைத்து வைப்போரும் உண்டு. ஆனால், இந்த இரண்டையும் இணைக்கிற ஆரஞ்சு நிற டியூபை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சமையல் மேடைக்கு அடியில், வெங்காயக் கூடைக்குப் பின்னால் அது பாட்டுக்குக் கிடக்கும். சிலிண்டரும் அடுப்பும் நன்றாக இருந்தும், இந்த டியூபில் விழுந்த ஒரு சிறு வெடிப்பு விபத்தில் கொண்டுபோய் விடலாம்.

முதலில் தேதி

ஏஜென்சிகளில் கிடைக்கும் 'சுரக்ஷா' டியூபின் உள்ளே கம்பிப் பின்னல் இருக்கும். சாதாரண ரப்பர் டியூபைவிட உறுதியானது. ஆனாலும் அதற்கு ஆயுள் 5 ஆண்டுதான். டியூபின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேதியும் அச்சிட்டிருக்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எழுத்தே அழிந்துவிட்டதா? அப்படியென்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது.

கண்ணும் கையும் போதும்

ரெகுலேட்டரை மூடிவிட்டு, டியூபை மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளையும் இடத்தில் மெல்லிய கீறல்கள் தெரிகிறதா? தொட்டால் பிசுபிசுக்கிறதா? கட்டை போல விறைத்துவிட்டதா? எலி கடித்த தடமோ, சூடு பட்ட தடமோ இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும், 5 ஆண்டு ஆகவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

டியூபின் இரண்டு முனைகளையும் கூடுதலாகக் கவனியுங்கள். மேடையில் துளை போட்டு டியூபை இறக்கியிருந்தால், கல்லின் விளிம்பு உரசும் இடத்தையும் பாருங்கள். அழகுக்காக டியூபின் மேல் துணி உறையோ பிளாஸ்டிக் உறையோ மாட்டினால், உள்ளே விழும் வெடிப்பு கண்ணில் படாது. கீறலுக்கு டேப் சுற்றுவதும், ஒரே டியூபிலிருந்து பிரித்து இரண்டு அடுப்புக்குக் கொடுப்பதும் ஆபத்தை விலைக்கு வாங்கும் வேலை.

சோப்பு நுரை சோதனை

அடுப்பின் குமிழ்களை மூடி வைத்து, ரெகுலேட்டரை மட்டும் திறங்கள். கெட்டியான சோப்பு நுரையை டியூபின் இரு முனைகளிலும், ரெகுலேட்டர் சிலிண்டரோடு சேரும் இடத்திலும், டியூபின் நீளம் முழுக்கவும் தடவுங்கள். ஓரிடத்தில் குமிழி புதிதாகக் கிளம்பிப் பெரிதாகிக்கொண்டே போனால், அங்கே கேஸ் கசிகிறது. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பதை மறந்தும் செய்யாதீர்கள்.

மூக்கை மட்டும் நம்பலாமா?

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். சளி பிடித்தவர்களுக்கும், வயதானதால் மோப்ப சக்தி குறைந்தவர்களுக்கும் அது எட்டாமல் போகலாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். காற்றில் 2 சதவிகிதம் அளவுக்குக் கலந்தாலே தீப்பற்றப் போதும். ஒரு சுவிட்சின் பொறி மிச்ச வேலையைப் பார்த்துவிடும்.

அதனால்தான் இரவு படுக்கப் போகும் முன் ரெகுலேட்டரை மூடச் சொல்கிறார்கள். அடுப்பின் குமிழை மட்டும் மூடினால், இரவு முழுவதும் டியூபுக்குள் கேஸ் அழுத்தத்தோடு நிற்கும். ரெகுலேட்டரை மூடிவிட்டால் டியூபுக்கு கேஸே வராது.

குழாய் வழி கேஸ் வீடுகளில்

சிலிண்டர் இல்லாமல் குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. கசிந்தால் கூரைப் பக்கம் சேரும். ஆகவே மேல் பக்கத்துக் காற்றுவழிகளை அடைக்கக் கூடாது. சுவரில் வரும் உலோகக் குழாயில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் துணிக்கொடி கட்டாதீர்கள். அங்கும் அடுப்போடு சேரும் கடைசித் துண்டு ரப்பர் டியூப்தான். அதற்கும் தேதி உண்டு.

நாற்றம் வந்தால்...

* எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.
* அடுப்பு, பூஜையறை விளக்கு என எரிவது எதுவானாலும் அணையுங்கள்.
* ரெகுலேட்டரையோ குழாய் வால்வையோ மூடி, கதவு ஜன்னல்களைத் திறங்கள்.
* எல்லோரையும் வெளியே அழைத்துப்போன பிறகு போன் செய்யுங்கள். சிலிண்டர் கசிவுக்கான அவசர எண் 1906, 24 மணி நேரமும் இயங்கும். குழாய் இணைப்பு என்றால், பில்லில் இருக்கும் அவசர எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

புது சிலிண்டர் மாட்டும்போதெல்லாம் ஒரு நுரை சோதனை செய்யலாம். ஆயுத பூஜைக்கு அடுப்பைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது, டியூபில் உள்ள தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.