மஞ்சள், மாதுளையில் வெள்ளை வெளிச்சம்! பல்பு எப்போ வரும்?

முத்தாண்டிக்குப்பம்,-

குழம்புக்குப் போடும் மஞ்சள், ஜூஸ் போடும் மாதுளை. இந்த இரண்டையும் கலந்து வெள்ளை வெளிச்சம் வரவழைத்திருக்கிறார்கள் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் விக்ரம் சிங், அசோக் குமார் மிஸ்ரா. 2015-ம் ஆண்டு இவர்களது ஆய்வு வெளியானது.

'அப்போ இனி மஞ்சள் பல்பு வந்திடுமா? பழுப்பு நிலக்கரி தோண்டுறது நின்னு போகுமா?' என்று நெய்வேலி, முத்தாண்டிக்குப்பம் பக்கம் கேட்கத் தோன்றும். அதன் விவரம் வருமாறு:-

மூன்று நிறம் சேர்ந்தால் வெள்ளை

நீலம், பச்சை, சிவப்பு வெளிச்சம் சரியான அளவில் கலந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். டி.வி. திரையின் ரகசியமும் இதுதான்.

மாதுளையில் உள்ள ஒரு வகை சத்து நீலமாக ஒளிரும். மஞ்சளில் உள்ள குர்குமின் பச்சையாக ஒளிரும். மாதுளைக்கு சிவப்பு நிறம் தரும் சாயம் செம்மஞ்சளாக ஒளிரும். அமிலம் சேர்த்த ஆல்கஹாலில் இந்தச் சாறுகளைக் கலந்து, புற ஊதா ஒளியைப் பாய்ச்சியதும் மூன்றும் சேர்ந்து வெள்ளையாக ஒளிர்ந்தது. ஜெலட்டினில் கலந்தும் வெளிச்சம் கிடைத்தது.

கடையிலேயே பார்க்கலாம்

கள்ள நோட்டு பார்க்கும் ஊதா லைட் கடைகளில் இருக்கும். கொஞ்சம் மஞ்சள் தூளை சானிடைசரில் கரைத்து அந்த லைட்டுக்கு கீழே வைத்தால் பச்சை கலந்து மின்னும். ஆனால் அந்த லைட்டை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. கண்ணுக்கு ஆபத்து.

பல்பு ஆகுமா?

இங்கேதான் சிக்கல். ஐ.ஐ.டி.யில் சாற்றின் மேல் பாய்ந்தது வேறொரு விளக்கின் ஒளி. கரண்டு அல்ல. செல்போன்களில் உள்ள 'ஓ.எல்.இ.டி.' திரையில் கரண்டு பாய்ந்ததும் மெல்லிய சாயப் படலமே ஒளிர்கிறது. அதற்கு சாயம் சுத்தமாக இருக்க வேண்டும். கரண்டைக் கடத்த வேண்டும். சூட்டையும் தாங்க வேண்டும்.

அடுத்த சிக்கல் ஆயுள். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை, துவைத்து வெயிலில் காயப்போட்டால் வெளுத்துப் போவதை வீட்டுப் பெண்கள் அறிவார்கள். ஒளியே குர்குமினைச் சிதைத்து விடுகிறது. வருஷக்கணக்கில் எரிய வேண்டிய பல்புக்கு இது பெரிய குறை.

அப்புறம் ஏன் இந்த முயற்சி? இப்போதைய வெள்ளை எல்.இ.டி. பல்பின் மஞ்சள் பூச்சுக்கு அரிய வகை மண் தாதுக்கள் தேவை. அதில் சீனாவின் கை ஓங்கி இருக்கிறது. ஓ.எல்.இ.டி. திரைக்கு இரிடியம் என்ற விலை உயர்ந்த உலோகம் வேண்டும். செடியில் இருந்து சாயம் எடுத்தால் செலவும் விஷக் கழிவும் குறையும் என்பதே எதிர்பார்ப்பு. ஈரோடு மஞ்சளுக்கும் புதிய வேலை கிடைக்கலாம்.

நிலக்கரிக்கு மாற்றா?

இல்லை. மஞ்சள் கரண்டு தயாரிக்காது. கரண்டை வெளிச்சமாக மாற்றும் வேலைக்குத்தான் அதைச் சோதிக்கிறார்கள். அந்த கரண்டு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஆனால் மிச்சம் பிடிக்கலாம். 60 வாட் குண்டு பல்பு சுமார் 17 மணி நேரத்தில் 1 யூனிட் தின்கிறது. 9 வாட் எல்.இ.டி. அதே 1 யூனிட்டில் 111 மணி நேரம் எரியும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறக்குறைய 1 கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது.

எனவே 'மூலிகை பல்பு', 'மஞ்சள் பல்பு' என்று யாராவது வீடு தேடி வந்து விற்றால் உஷார். இப்போதைக்கு வீட்டுக்கு எல்.இ.டி.யே போதும்.