பூனையும் நூலகரும் துப்பறிதலும்

துப்பறியும் கதை என்றாலே தமிழாசிரியர் பலர் முகம் சுளிப்பர். மாணவன் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படிக்கும் பொருள் அது என்பது பழைய எண்ணம். அவ்வெண்ணத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் தமிழ்நாட்டு மாத நாவல்கள் கயிற்றில் தொங்கிய நாள்களில், கத்தியும் குருதியும் இல்லாத அட்டையைக் காண்பது அரிதாக இருந்தது. ஆயினும் துப்பறியும் கதை என்னும் பெருங்குடும்பத்தில் மிகச் சாதுவான ஒரு கிளையும் உண்டு. ஆங்கிலத்தில் அதனைக் ‘கோஸி’ மர்மக் கதை என்பர். கதகதப்பானது, இதமானது என்பது அச்சொல்லின் பொருள். அக்கிளையிலும் நூலகரும் பூனையும் சேர்ந்து வரும் கதைகளுக்குத் தனி வாசகர் கூட்டமே இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் பூனைக்கு என்ன வேலை, புத்தகம் அடுக்குபவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விதான்.

இக்கதைகளின் அமைப்பு எளியது. ஊர் சிறியது, எல்லார்க்கும் எல்லாரையும் தெரியும். கொலை திரைக்குப் பின்னால் நடந்துவிடும். வாசகன் குருதியைக் காண்பதில்லை. துப்பறிபவர் காவல்துறையினர் அல்லர். ஊரில் வேறு தொழில் செய்யும் ஒருவர். கேட்டும் பார்த்தும் பொருத்தியும் அவரே உண்மையைக் கண்டுபிடிக்கிறார். ஊர் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எட்கர் ஆலன் போ 1841இல் தொடங்கிவைத்த துப்பறியும் கதை பலவாறு கிளைத்தது. அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள் என்னும் முதியவளே இச்சாதுக் கிளைக்கு மூதாட்டி எனலாம். கம்பளி பின்னிக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடிப்பவள் அவள். 1942இல் வெளிவந்த அவளது கதை ஒன்றின் பெயரே நூலகத்தில் கிடந்த பிணத்தைக் குறிப்பதுதான். அது பொது நூலகம் அன்று, ஒரு பெரிய வீட்டின் புத்தக அறை. எனினும் புத்தகமும் பிணமும் ஒரே அறையில் இருப்பதில் ஓர் அதிர்ச்சி இருப்பதை அவ்வம்மையார் நன்கு உணர்ந்திருந்தார்.

அதிர்ச்சிக்குக் காரணம் என்ன? ஆங்கிலக் கவிஞர் ஆடன் 1948இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு விடை தேடினார். கொலை நடக்கும் இடம் எவ்வளவுக்கு எவ்வளவு தூயதாக, நல்லதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு குற்றம் அங்கே பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும் என்பது அவர் கருத்து. அழுக்குத் தரையில் கறை தெரியாது. வெள்ளை வேட்டியில்தான் தெரியும் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். நூலகத்தைவிட வெள்ளையான வேட்டி எது?

பூனை இவ்விலக்கியத்துக்குள் வந்தது பின்னர்தான். அமெரிக்க எழுத்தாளர் லிலியன் ஜாக்சன் பிரான் 1966இல் முதற்கதையை வெளியிட்டார். அதில் செய்தியாளர் ஒருவரின் துணையாக வருவது கோகோ என்னும் பூனை. அது சயாம் பூனை; அதாவது மலேசியாவுக்கு வடக்கே பக்கத்து நாட்டுப் பூனை. இரண்டு ஆண்டுகளில் மேலும் இரண்டு கதைகள் வந்தன. பின்னர் 1986 வரை அத்தொடர் உறங்கியது. விழித்தபின் நெடுந்தொலைவு ஓடியது. நூலகரையும் பூனையையும் முழுமையாக இணைத்தது 2010இல் தொடங்கிய மிராண்டா ஜேம்ஸ் தொடர். மனைவியை இழந்த நூலகர் ஒருவர் டீசல் என்னும் பெரிய பூனையோடு ஊரைச் சுற்றி வருகிறார். மிராண்டா ஜேம்ஸ் என்பது ஓர் ஆடவரின் புனைபெயர்; அவரே நூலகராகப் பணிபுரிந்தவர். மனைவி பெயரான சுஜாதாவைத் தம் பெயராக்கிக்கொண்ட ரங்கராஜனின் துப்பறியும் கதைகளைப் படித்த தமிழ் வாசகருக்கு இது வியப்பாகாது.

கதையில் மட்டுமா பூனை நூலகத்தில் வாழ்கிறது? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பென்சர் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1988 சனவரியில், கடுங்குளிர் நாள் ஒன்றில், அவ்வூர் நூலகத்தில் நூல்களைத் திருப்பிப் போடும் பெட்டிக்குள் ஒரு பூனைக்குட்டி கிடந்தது. நூலகர் அதனை எடுத்து வளர்த்தார். நூற்பகுப்பு முறை கண்ட டூயியின் பெயரையே அதற்கு இட்டனர். 2006 வரை அந்நூலகத்திலேயே அது வாழ்ந்தது. அதன் வாழ்க்கையை நூலகர் நூலாக எழுத, அதுவும் உலகெங்கும் படிக்கப்பட்டது. நூலகத்துப் பூனை எலி பிடிப்பதற்காக வைக்கப்பட்டது என்று சிலர் நினைப்பர். டூயி பிடித்தவை பெரும்பாலும் வாசகர் மனங்களே.

தமிழ் மரபில் பூனைக்கு இத்தகைய நற்பெயர் வாய்க்கவில்லை. தொல்காப்பியம் மரபியலில் வெருகின் இளமைப் பெயரைக் குட்டி என்று வகுத்ததோடு இலக்கணம் தன் கடமையை முடித்துக்கொண்டது. குறுந்தொகையில் வெருகு இரவில் வந்து கோழியைக் கவர்வது. விடியலை அறிவித்துத் தன்னை எழுப்பிய சேவலைப் பார்த்து, நீ வெருகின் குட்டிக்கு இரையாவாயாக என்று ஒரு தலைவி சபிக்கிறாள். அதே தொகையில் முல்லை அரும்புக்கு வெருகின் பல் உவமை ஆவது அழகுதான். ஆயினும் பல்தான் கண்ணிற் பட்டது என்பதை நோக்குக. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது பற்றிய பழமொழியும், கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டதென நினைக்கும் பூனை பற்றிய பழமொழியும் அதே திசையில் செல்கின்றன. கம்பர் ஒருவர்தான் பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புகுந்த பூனையாகத் தம்மையே வைத்து அவையடக்கம் சொன்னார். மொத்தத்தில், மேனாட்டுக் கதையில் பூனை துப்பறிபவர் பக்கம்; தமிழில் அது குற்றவாளிக் கூண்டில்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பூனை ஓசையின்றி நடக்கிறது, இருளிற் பார்க்கிறது, யாரும் தன்னைக் கவனியாதபோது எல்லாரையும் கவனிக்கிறது. இக்குணங்கள் திருடனுக்கும் உரியவை, துப்பறிபவனுக்கும் உரியவை. போதாக்குறைக்குப் பூனையால் சாட்சி சொல்ல முடியாது. மேசையிலிருந்து ஒரு நூலைத் தள்ளிவிடும். ஒருவரைக் கண்டு முதுகை வளைக்கும். அதற்குப் பொருள் காண்பது மனிதர் வேலை. சிறந்த ‘கோஸி’ ஆசிரியர்கள் பூனையைப் பேசவிடுவதில்லை. பேசவிட்டால் கதை குழந்தைக் கதையாகிவிடும்.

நூலகர் கதை வேறு. அவரைத் துப்பறிபவர் ஆக்கியதில் கற்பனையே குறைவு எனலாம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்பன இரண்டு. உரியவனை உரியதோடு சேர்த்துவைப்பதே துப்பறிபவர் தொழிலும். எந்த நூலை யார், எப்போது, எவ்வளவு காலம் வைத்திருந்தார் என்னும் செய்தி நூலகர் கையில் இருக்கிறது. கேள்வி கேட்பவர் எதை மறைக்கிறார் என்பதை அவர் கேட்கும் நூலின் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழில் நூலைத் தேடிய பெருந்துப்பறிவாளர் உ. வே. சாமிநாதையர். உரையாசிரியர்கள் நூற்பெயர் சொல்லாமல் காட்டிச் சென்ற மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, அவை எந்நூலைச் சார்ந்தவை என்று கண்டார். பத்துப்பாட்டுப் பதிப்புக்காகக் குறிஞ்சிப்பாட்டின் ஏடுகளை ஒப்பிட்டபோது, கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் சிலவற்றின் பெயர் ஏட்டில் விடுபட்டிருப்பதைக் கண்டார். ஏடு ஏடாகத் தேடி, தருமபுர ஆதீனத்துச் சுவடியில் அவற்றைக் கண்டெடுத்தார். காணாமற்போன மலர்களைத் தேடிச் சென்ற இவ்வரலாற்றில் பிணம் இல்லை, துப்பாக்கி இல்லை. படபடப்புக்கு மட்டும் குறைவில்லை.

மலேசியாவிலும் இத்தகைய தேடல் நடந்தது. இந்நாட்டிலும் சிங்கையிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடி இராம. சுப்பையா தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. சிறு அச்சகத்தில் சில படிகளே அடித்து, கறையான் வாய்க்குப் போன நூல்கள் எத்தனை! அத்தகைய நூல் ஒன்று இருந்தது என்பதற்கே சில வேளைகளில் பட்டியல் ஒன்றுதான் சான்று. பட்டியல் வறண்ட பொருள் என்பார் அதனைப் பயன்படுத்தி அறியாதவர்.

இவ்வளவு இருந்தும் தமிழில் நூலகரைத் துப்பறிய வைத்த புகழ்பெற்ற கதை ஏதும் தோன்றவில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் முதல் தலைமுறை. வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் திரைப்படமாகவும் வந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் பருகியபடி உலகத்தைச் சுற்றினார். இவர்களுள் எவரும் சாது அல்லர். இதமான கதைக்கு மிக அருகில் வந்தவர் தேவன் ஒருவரே. 1940களில் ஆனந்த விகடனில் அவர் படைத்த துப்பறியும் சாம்பு ஒரு வங்கி எழுத்தர். அசடு என்று பெயர் வாங்கியவர். இடறி விழுந்தால் திருடன் மேல் விழுவார். உளறினால் உளறல் உண்மையாகிவிடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் மெச்சுவார். படித்தவர் சிரித்தனர், இன்றும் சிரிக்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சாம்பு வெல்வது அதிர்ஷ்டத்தால். ‘கோஸி’ நூலகர் வெல்வது கவனத்தால். தேவன் துப்பறியும் கதையைப் பார்த்துச் சிரித்தார். மேனாட்டு ஆசிரியர்கள் அதனை நம்பினர்.

அந்நம்பிக்கையில் குறையும் உண்டு. ஊர் பழைய நிலைக்குத் திரும்பும் என்னும் உறுதி வாழ்க்கையில் கிடைப்பதில்லை. 1981 மே 31ஆம் நாள் இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. ஒற்றைப் படியாக இருந்த சுவடி எழவில்லை. நூலகத்தில் நடக்கும் குற்றம் கடைசிப் பக்கத்தில் சரியாகிவிடும் என்று எழுதும் கதையைத் தமிழ் வாசகன் சற்றுத் தள்ளி நின்றே படிப்பான். படிக்காமல் விடுவான் என்பதற்கில்லை. ஒருவேளை அதனாலேயே விரும்பிப் படிப்பான்.

ஏனெனில் இக்கதைகளின் உண்மையான கவர்ச்சி பூனையிலும் இல்லை, தேநீரிலும் இல்லை. யாரோ ஒருவர் சிரமம் எடுத்துக் கேட்டார் என்பதில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தை இக்கண் கொண்டு பார்க்கலாம். களவு ஒன்று, பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன், வாய்பேசாச் சான்றாக ஒரு சிலம்பு. உள்ளிருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்னும் ஒரே கேள்வியைப் பாண்டியன் முன்னரே கேட்டிருந்தால் கோவலன் உயிர் போயிராது. கேட்க வேண்டிய துப்பறிபவன் அங்கு இல்லை. கேட்டவள் கண்ணகி, காலம் கடந்தபின். மதுரை எரிந்தது.

கேட்கும் பழக்கத்தை வகுப்பறையில் தொடங்குவதற்கு மேனாட்டு நூலை நாட வேண்டியதில்லை. பூனையே இடம்பெறும் வழக்கு ஒன்று மரியாதை ராமன் கதைகளில் இருக்கிறது. பஞ்சு வணிகர் நால்வர் கூட்டாக ஒரு பூனை வளர்த்தனர், எலித் தொல்லைக்காக. ஆளுக்கு ஒரு கால் என்று பங்கும் பிரித்துக்கொண்டனர். ஒரு காலில் புண் வந்தது. அக்காலுக்கு உரியவன் எண்ணெய்த் துணி சுற்றினான். துணியில் தீப்பற்ற, பூனை மிரண்டு பஞ்சுக் கிடங்குக்குள் ஓடியது. பஞ்சு எரிந்து போனது. மற்ற மூவரும் அவன்மேல் வழக்குத் தொடுத்தனர். ஓடியவை நல்ல கால்கள் மூன்றுமே, புண்பட்ட கால் ஓடவில்லை. ஆகவே அம்மூவருமே நான்காமவனுக்கு இழப்பீடு தரவேண்டும் என்பது மரியாதை ராமன் தீர்ப்பு.

ஆசிரியர் தீர்ப்புக்கு முன்னால் கதையை நிறுத்திவிட வேண்டும். ஐந்தாம் ஆண்டு மாணவர் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதட்டும். பிறகு மரியாதை ராமனின் தீர்ப்பைச் சொன்னால் வகுப்பு கைதட்டும். அதன்பின் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கை தூக்கக்கூடும்: தீப்பற்றியது துணியில்தானே, சார்? எண்ணெயில் தோய்த்துக் கட்டியவர் யார்? விளக்கை அங்கே வைத்தவர் யார்?