கோடையில் மொட்டையாக நிற்கும் மரம் செத்துவிட்டதா?

மாசி கடைசியில் நம் கரிசல் பூமியில், பாலவனத்தம் பக்கம் போனால் வேப்பமரங்கள் பழுத்த இலையைக் கொட்டிக்கொண்டிருக்கும். சில மரங்கள் கொஞ்ச நாள் மொட்டையாகவே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை போய் மாதக்கணக்காகியிருக்கும். ஆனாலும் பங்குனியில் அதே மரம் செம்பு நிறத்தில் துளிர்க்கும். சித்திரை வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் பூவும் தரும். மழையே இல்லாமல் இது எப்படி?

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மரம் அவற்றின் வழியாகத்தான் காற்றை எடுத்து உணவு சமைக்கிறது. அப்போது நீராவி வெளியே போகும், இலையும் குளிரும். தண்ணீர் குறைந்தால் துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் சமையல் நின்றுபோகும், இலை சூடாகும். திறந்தே வைத்திருந்தால் இன்னும் பெரிய ஆபத்து. வேரிலிருந்து உச்சிவரை தண்ணீர் இழுபட்டுத்தான் ஏறுகிறது. இளநீர் குடிக்கும் குழலில் ஓட்டை விழுந்தால் வெறும் காற்று வருவதுபோல, மண் ரொம்பக் காய்ந்தால் மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் காற்றுக்குமிழி புகுந்து அடைத்துவிடும். பிறகு அந்தக் கிளைக்கு இலை இருந்தும் பயனில்லை.

அதனால்தான் மரம் இலையை விட்டுக் கிளையைக் காப்பாற்றுகிறது. இலை போனதும் செலவு நிற்கும். ஆழத்து வேர் எடுக்கும் கொஞ்ச நீரும் தண்டில் ஊறி நிற்கும். அந்த ஈரத்தையும், சேர்த்துவைத்த மாவுச்சத்தையும் கொண்டுதான் கோடைத் துளிர் வருகிறது.

நம் கரிசல் மண் இதில் ஒரு சிக்கல். தண்ணீரை நிறையப் பிடித்துவைக்கும், ஆனால் லேசில் வேருக்குக் கொடுக்காது. காயும்போது வெடித்து, மேலோட்டமான சல்லிவேர்களை அறுத்தும் விடும். கரிசலில் நிற்கும் மரத்துக்கு ஆழ வேர்தான் கதி.

திருச்சுழிப் பக்கத்து உடைமரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தட்டையான குடை, நீள வெள்ளை முள், பொடிப்பொடி இலை. இலை சிறிதானால் காற்று அதன் சூட்டைச் சட்டென்று எடுத்துப்போய்விடும். குளிரத் தண்ணீர் செலவழிக்க வேண்டியதில்லை. பூவரசின் அகன்ற இலைக்கு அந்தச் சலுகை கிடையாது. அது கண்மாய்க் கரையையும் கிணற்றடியையும் தேடுவதில் வியப்பில்லை.

வெளியூர்க்காரனான சீமைக் கருவேலத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கப் பள்ளத்தில் அதன் இனத்து மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். எல்லா மரமும் அவ்வளவு ஆழம் போகாது என்றாலும், கோடையில் அது மட்டும் பச்சையாக நிற்பதற்குக் காரணம் விளங்கும்.

நாட்டு மரத்தின் பொறுமைக்கும் எல்லை உண்டு. 2016-ன் வடகிழக்குப் பருவமழை தமிழகத்துக்கு 168 மி.மீ.தான் தந்தது, வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இப்படிப்பட்ட வருஷத்தில் சேமிப்பு கரைந்த மரம் உடனே சாகாது. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, வண்டும் பூஞ்சையும் தாக்கும்போது விழும். பழி வண்டின் மேல் போகும்.

மழைக்காலத்தில் வேம்பின் கொழுந்து நுனி கருகினால் அது வேறு சங்கதி. பெரும்பாலும் பூஞ்சை நோய், வறட்சி இல்லை. கோடையில் மொட்டையானதோ, நகத்தால் சின்னக் கிளையின் பட்டையைக் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. ஐப்பசி மழை வரை பொறுங்கள், கோடாலியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் 5-ஆம் தேதி நம் ஊரில் கன்று நடுவது எனக்கு உடன்பாடில்லை. வேர் இறங்கும் முன்பே ஆடிக்காற்று அதை உலர்த்திவிடும். புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். அடுத்த பங்குனிக்குள் வேர் கீழே போயிருக்கும்.