சிப்பந்திகளிடையே போட்டி: எதுவரை லாபம்?

நான்கு சிப்பந்திகள் உள்ள கடையில் ஒருவரைத் தலைமைச் சிப்பந்தியாக்கிக் கூடுதல் சம்பளம் கொடுத்தால், மற்ற மூவரும் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டு நன்றாக உழைப்பார்கள் என்பது வியாபாரிகளாகிய நாம் போடும் கணக்கு. இந்தக் கணக்கு எங்கே சரிவரும், எங்கே கையைக் கடிக்கும் என்பதை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வணிக நிர்வாகப் பள்ளியின் பேராசிரியர் எட்வர்ட் லசீர். 2020-ஆம் ஆண்டு காலமானார்.

ஷெர்வின் ரோசன் என்பவருடன் சேர்ந்து 1981-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்பெனியின் துணைத் தலைவர் தலைவராக உயர்த்தப்படுகிறார்; அன்றே சம்பளம் மும்மடங்காகிறது. ஒரே நாளில் திறமையும் மும்மடங்காகிவிட்டதா? இல்லை. அந்தப் பெரிய சம்பளம் மேலே இருப்பவருக்காக மட்டும் அல்ல, கீழே இருப்பவர்களை ஓட வைக்கவும்தான் என்றார்கள். டென்னிஸ் பந்தயத்தில் முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் இடைவெளி பெரிதாக இருப்பது போலத்தான் இதுவும்.

முதலாளிக்கு இதில் வசதி உண்டு. ஒவ்வொருவர் வேலையையும் நிறுத்துப் பார்க்க வேண்டாம். யார் முன்னால் என்று தெரிந்தால் போதும். ஆடி மாத மந்தம் எல்லோரையும் ஒன்றுபோல் பாதிப்பதால் அதற்காக யாரையும் குறைத்து மதிப்பிடும் தவறும் நேராது.

ஆனால் 1989-இல் லசீரே மறுபக்கத்தையும் எழுதினார். இதைத்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். பரிசு வரிசையைப் பொறுத்தது என்றால், முந்துவதற்கு வழி இரண்டு: தான் ஏறுவது ஒன்று, அடுத்தவனை இறக்குவது மற்றொன்று. இறக்குவதற்குச் சண்டை போட வேண்டியதில்லை. எந்த மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறது என்று சொல்லாமல் இருந்தாலே போதும். அப்படி மறைத்தால் நஷ்டம் முதலாளியின் கல்லாவுக்குத்தான். ஆகவே ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் செய்ய வேண்டிய வேலையில் சம்பள இடைவெளியைச் சுருக்குங்கள் என்பது அவர் முடிவு. முட்டிமோதும் குணமுள்ளவர்களைப் பருந்துகள் என்றும், ஒத்துப்போகிறவர்களைப் புறாக்கள் என்றும் பிரித்து, இரண்டையும் ஒரே கூண்டில் அடைக்காமல் இருப்பது நல்லது என்றும் காட்டினார்.

அப்படியானால் உழைப்பவனுக்கு என்ன ஊக்கம்? ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த, கார் கண்ணாடி மாற்றும் சேஃப்லைட் என்ற கம்பெனி 1994-இலிருந்து மணிக்கூலியை மாற்றி, மாட்டும் கண்ணாடிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கத் தொடங்கியது. குறைந்தபட்சக் கூலிக்கும் உத்தரவாதம் இருந்தது. லசீர் கணக்கெடுத்தபோது ஆள் ஒருவருக்கு வேலை சுமார் 44 சதவீதம் கூடியிருந்தது. ஏறத்தாழப் பாதி, அதே ஆட்கள் சுறுசுறுப்பானதால். மீதி, திறமைசாலிகள் தங்கியதாலும் புதிதாக வந்து சேர்ந்ததாலும். சரியாக மாட்டாத கண்ணாடியை மாட்டியவரே கூலியின்றித் திரும்ப மாட்டித் தர வேண்டும்.

கவனியுங்கள், இங்கே யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. பொட்டலம் கட்டுவது போல எண்ணிப் பார்க்கக்கூடிய, தனியாள் வேலைக்கு இது பொருந்தும். கல்லாவில் இருப்பவருக்கும் வாடிக்கையாளருக்கு யோசனை சொல்பவருக்கும் பொருந்தாது. சியர்ஸ் நிறுவனத்தின் கார் பழுதுபார்க்கும் நிலையங்களில் ஊழியர்களுக்குக் கமிஷன் இருந்தது. தேவையில்லாத பழுதுகளை வாடிக்கையாளர் தலையில் கட்டியதாக 1992-இல் கலிபோர்னியா மாநில அரசு குற்றம் சாட்டியது. அந்தக் கமிஷனை நிறுவனம் அந்த ஆண்டே நிறுத்திவிட்டது.