ஒரு சகோதரியின் கேள்வி





செண்பகத்தோப்பில் மருத்துவ முகாமை முடித்துவிட்டு, மலையடிவார மாந்தோப்பு நிழலில் மருந்துப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உதவிக்கு வந்திருந்த ஒரு சகோதரி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, ஸ்டெம் செல் ஆராய்ச்சி என்கிறார்களே, அது கருவை அழித்துச் செய்யும் காரியமல்லவா? நம் காணிக்கை அதற்குப் போகலாமா?"

இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும். ஆகவே இம்மடலில் அதற்கு விளக்கமாகப் பதில் எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லுகிறோம். ஃபான்கோனி இரத்தசோகை என்றொரு பரம்பரை வியாதி உண்டு. சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனி 1927ல் மூன்று சகோதரர்களிடம் இதைக் கண்டு எழுதினார். சேதமடைந்த மரபணு இழைகளைச் சீர்செய்யும் திறமை இப்பிள்ளைகளின் செல்களுக்குக் குறைவு. எனவே சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றையும் உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை சிறுவயதிலேயே வற்றத் தொடங்குகிறது. சில பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் வளர்ச்சி குறைந்திருக்கும். சிலர் குள்ளமாக இருப்பார்கள். சிலருக்குத் தோலில் காப்பி நிறப் படைகள் காணப்படும். வெளி அடையாளம் ஒன்றுமே இல்லாத பிள்ளைகளும் உண்டு.

பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு இந்நோய் வரும். பெற்றோர் இருவரும் நல்ல சுகத்தோடிருப்பார்கள். ஆனாலும் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் வழக்கமுள்ள நம் பகுதியில் இது கவனிக்கவேண்டிய காரியம். இதைச் சொல்லுவது யாரையும் குற்றப்படுத்த அல்ல, எச்சரிக்கவே.

இந்நோயை ஆராய்வதில் ஒரு பெரிய தடை இருந்தது. பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரும்போது மஜ்ஜை ஏறக்குறைய காலியாயிருக்கும். எரிந்து முடிந்த வீட்டில் நின்று, தீ எங்கே பற்றியது என்று தேடுவதைப் போன்றது அது. எலிகளில் இதே மரபணுவைக் கெடுத்துப் பார்த்தார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு நேருவதுபோல அவற்றின் மஜ்ஜை தானாக வற்றிப்போவதில்லை.

இங்கேதான் ஸ்டெம் செல் உதவிக்கு வருகிறது. பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல் அது. 1998ல் மனிதக் கருவிலிருந்து இவ்வகைச் செல்களை முதன்முதலாகப் பிரித்து வளர்த்தார்கள். அது தாயின் வயிற்றிலிருந்து எடுத்த கரு அல்ல. ஆய்வகத்தில் உருவான, சில நாட்களே ஆன கரு. ஆனாலும் கரு அழிந்தது உண்மை. சகோதரியின் மனக்கலக்கம் அங்கிருந்து வந்தது, அது நியாயமானதே.

ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா வேறொரு வழியைக் கண்டார். வளர்ந்த உடலின் சாதாரணத் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால், அது தன் பழைய வேலையை மறந்து மூலச் செல்லாகத் திரும்புகிறது. 2006ல் எலியிலும் 2007ல் மனிதச் செல்லிலும் இதைக் காட்டினார். 2012ல் ஜான் கர்டனோடு நோபல் பரிசும் பெற்றார். இந்த முறைக்குக் கரு தேவையில்லை. நோயாளியின் சம்மதத்தோடு எடுக்கும் சிறிது இரத்தமோ தோலோ போதும். ஒப்பிட்டுப் பார்க்கக் கருச் செல்களைப் பயன்படுத்தும் ஆய்வகங்கள் இன்றும் உண்டு என்பதையும் உங்களுக்கு மறைக்கமாட்டோம்.

இப்படித் திருப்பிய செல்களை ஆய்வகத் தட்டில் இரத்தச் செல்களாக வளர்க்கிறார்கள். பிள்ளையின் உடலில் நடந்து முடிந்த காரியம் ஆராய்கிறவர்களின் கண்முன் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து நடக்கிறது. அதே செல்லில் பிழையான மரபணுவை மாத்திரம் திருத்தி, பக்கத்துத் தட்டில் வளர்த்து ஒப்பிடலாம். புதிய மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் தட்டில் கொடுத்துப் பார்க்கலாம். 2009ல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஃபான்கோனி நோயாளிகளின் செல்களில் மரபணுவைத் திருத்தி, அவற்றை மூலச் செல்லாக்கி, குறைநீங்கிய இரத்தச் செல்களை வளர்த்தார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் இவ்வேலை நடக்கிறது. 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பரம்பரை இரத்த நோய்களை இவ்வகைச் செல்களைக் கொண்டு அங்கே ஆராய்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மறவாதிருங்கள். தட்டில் வளரும் செல் நோயை அறிய உதவும் மாதிரியே. அது சிகிச்சை அல்ல. முழு உடலில் நடப்பதெல்லாம் தட்டில் தெரியாது. "ஸ்டெம் செல் ஊசி" போட்டு வாதம், சர்க்கரை, மூளை வளர்ச்சிக் குறைவு எல்லாவற்றையும் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் நகையை விற்றுப் பணம் கட்டாதிருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2017ல் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை நீங்கலாக மற்றவற்றை ஆராய்ச்சியாகவே கருதவேண்டும் என்கின்றன.

எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் இந்த ஆராய்ச்சி நடப்பதில்லை. உங்கள் காணிக்கை, சந்தேகத்துக்குரிய பிள்ளையைக் காலத்தோடே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பயணச் செலவுக்குப் போகிறது. அதுவும் சிறிய காரியமல்ல. ஃபான்கோனி நோயை அறியாமல், மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கும் கடும் மருந்துகளை வழக்கமான அளவில் கொடுத்தால், அப்பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. மஜ்ஜை கொடுக்க முன்வரும் அண்ணன் தம்பி, அக்காள் தங்கையையும் சோதித்தே ஆகவேண்டும். அவர்களிலும் இந்நோய் மறைந்திருக்கலாம்.

ஆகவே, உங்கள் சபையில் ஒரு பிள்ளை அடிக்கடி வெளுத்துப்போனாலும், காரணமின்றி உடம்பில் இரத்தக்கட்டு கண்டாலும், "திருஷ்டி" என்று நாட்களைக் கடத்தாமல் எங்களிடம் அழைத்து வாருங்கள். ஆய்வகத்தில் பொறுமையோடு உழைக்கிறவர்களையும், முடிவுக்காகக் காத்திருக்கும் பெற்றோரையும் உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள்.